மொட்டைச் சுவர்கள்

வாரியக் குடியிருப்பு எந்த ஊரில் இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். முன்பக்கம் வராந்தா, கொடியில் காயும் லுங்கி, கழிவுநீர்க் குழாயை ஒட்டி விரிசலில் முளைத்த அரசங்கன்று. பக்கவாட்டில் மட்டும் தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஜன்னலே இல்லாத வெற்றுச் சுவர். ஒரே வரைபடத்தை வைத்துத் தொகுதி தொகுதியாகக் கட்டும்போது பக்கச் சுவரில் திறப்பு வைக்காமல் விட்டால் செலவும் சுருங்கும், அடுத்த தொகுதியை நெருக்கிக் கட்டவும் தோதாக இருக்கும். கட்டியவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த மொட்டைச் சுவரைத்தான் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஓவியர்கள் ஊர் ஊராகத் தேடிப் பிடிக்கிறார்கள். பிரான்சின் லியோன், அல்பேனியாவின் திரானா, டெல்லியின் லோதி காலனி, சென்னையின் கண்ணகி நகர் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

சுவரில் வந்த படம் அழகா இல்லையா என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. பத்திரிகைகளில் படம் வரும், திறப்பு விழாவில் அதிகாரி ஒருவர் ரிப்பன் வெட்டுவார், இன்ஸ்டாகிராமில் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் படத்தின் கதையைவிடச் சுவரின் கதை நீளமானது. சுவர் யார் பெயரில் இருக்கிறது? பெயிண்டுக்குக் காசு கொடுத்தது யார்? சாரம் கட்டுமுன் அந்த வீடுகளில் என்ன பழுது பார்த்தார்கள்? சாயம் வெளுத்தபிறகு யாரைக் கூப்பிடுவது? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் ஒரு சுவரோவியம் குடியிருப்பவர்களுக்கானதா, கடந்துபோகிறவர்களுக்கானதா என்பது முடிவாகிறது.

இந்தக் கலைக்கு நவீன காலத்தில் பிள்ளையார் சுழி போட்டது மெக்சிகோ. புரட்சி ஓய்ந்த பிறகு, 1920-களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சராக இருந்த ஹோசே வாஸ்கொன்செலோஸ், எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு அவர்களுடைய வரலாற்றைச் சுவரில் காட்டலாம் என்று அரசுக் கட்டடங்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். தியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் மூவரும் அப்படித்தான் உலகப் புகழ் பெற்றார்கள். சுவர் கொடுப்பவருக்கும் வரைபவருக்கும் இடையில் முட்டல் வருவதும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. சிக்கெய்ரோஸ் 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒல்வேரா தெருவில், வெப்பமண்டல அமெரிக்காவை வரையச் சொல்லிக் கேட்கப்பட்டார். கிளியும் பழமும் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அமெரிக்கக் கழுகின் கீழே சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதனை வரைந்து கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் அது முழுக்க வெள்ளையடிக்கப்பட்டது. வெள்ளைக்குக் கீழே எண்பது ஆண்டு கிடந்த அந்த ஓவியம் கெட்டி நிறுவனத்தின் பாதுகாப்புப் பணிக்குப் பிறகு 2012-ல்தான் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் லெனின் முகத்தை எடுக்க மறுத்த ரிவேராவின் ஓவியத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. 1934 பிப்ரவரியில் அதை உடைத்தே எடுத்துவிட்டார்கள்.

அவை பொதுக் கட்டடங்கள். குடியிருப்புச் சுவர் வேறு விஷயம். அங்கே உள்ளே ஆள் இருக்கிறார்கள்.

லியோன் நகரின் எத்தாசுனி வட்டாரத்தில் நடந்ததை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கட்டடக்கலைஞர் டோனி கார்னியே அங்கே 1920-களிலும் 30-களிலும் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வாடகை அடுக்ககங்கள், 1980-களில் புகைக்கரி படிந்து, சுவர் பெயர்ந்து, மக்கள் காலி செய்ய நினைக்கும் நிலைக்கு வந்திருந்தன. வீட்டுவசதி அமைப்பு புதுப்பிக்கும் வேலையைக் கையில் எடுத்தது. அப்போது குடியிருப்போர் குழு முன்வந்து, எங்கள் வீடுகளைக் கட்டியவர் யார் என்பதே ஊருக்கு மறந்துவிட்டது, அதைச் சுவரிலேயே சொல்லலாம் என்று கேட்டது. வீடுகளைச் சீர்செய்யும் பணியோடு ஓவியப் பணியும் 1988 வாக்கில் தொடங்கி 1997 வரை நடந்தது. சித்தே க்ரெயாசியோன் என்ற சுவரோவியக் கூட்டுறவுக் குழு, கார்னியேயின் கற்பனைத் தொழில்நகரத்துக்கான வரைபடங்களைச் சுவரளவுக்குப் பெருக்கி வரைந்தது. ஒவ்வொரு சுவரும் ஏறத்தாழ 230 சதுர மீட்டர். மொத்தம் 25 சுவர்கள். அவற்றில் சில, வெவ்வேறு நாட்டு ஓவியர்கள் தங்கள் கனவு நகரத்தை வரைந்தவை. இந்தியாவின் சார்பில் அங்கே வரைந்தவர் மகாராஷ்டிரத்தின் வார்லி ஓவியர் சாந்தாராம் தும்படா. அரிசிமாவில் குடிசைச் சுவரில் வரையும் வார்லிக் கோடுகள் பிரெஞ்சு வாடகைக் குடியிருப்பின் பக்கச் சுவரில் ஏறின.

இன்றைக்கு அந்த வட்டாரம் டோனி கார்னியே நகர அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்குகிறது. 1930-களின் தோற்றத்தில் பேணப்படும் ஒரு வீட்டையும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் மற்ற வீடுகள் எல்லாம் வீடுகளாகவே இருக்கின்றன, குடித்தனம் நடக்கிறது. வரிசையைக் கவனித்தால் விஷயம் விளங்கும். முதலில் குழாயும் கூரையும், கூடவே படம். கேட்டது குடியிருப்போர், வரைந்தது அவர்களுடைய ஊர்க்கதை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்த குடியிருப்புகள் அதிகம் இல்லை.

திரானாவில் வரிசையே வேறு. 2000-ல் மேயரான எடி ராமா அடிப்படையில் ஓவியர். கம்யூனிஸ்ட் காலத்துச் சாம்பல் நிற அடுக்ககங்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடிப்பதுதான் அவருடைய முதல் வேலைகளில் ஒன்று. கஜானா காலி, சாலை போடப் பணமில்லை, பெயிண்ட் மலிவு. ஊர் மாறுகிறது என்ற நம்பிக்கையை முதலில் கொடுப்போம், மற்றது பின்னால் வரும் என்பது அவர் வாதம். அல்பேனிய ஓவியர் அன்ரி சாலா 2003-ல் எடுத்த ‘தம்மி ஈ கொலோரி’ என்ற காணொளியில் இரவு நேரத் தெருக்களில் கார் போய்க்கொண்டே இருக்கும், மேயரின் குரல் வண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் விழும் இடத்தில் பளீரென்ற சுவர், அதன் காலடியில் சேறும் இடிபாடும். மேயரைப் பாராட்டுகிறதா கேலி செய்கிறதா என்று பார்ப்பவரே முடிவு செய்துகொள்ளட்டும் என விட்டுவிடும் படம் அது. ராமா பின்னாளில் பிரதமரானார். வண்ணம் அவருக்கு வாக்கும் வாங்கிக் கொடுத்தது என்று சொல்வோர் உண்டு.

ஏழைக் குடியிருப்புக்கு வண்ணம் அடிப்பது அதற்குப் பிறகு ஒரு அலையாகவே கிளம்பிவிட்டது. ரியோவின் சாந்தா மார்த்தா சேரியில் 2010-ல் இரண்டு டச்சு ஓவியர்கள் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சதுக்கத்தைச் சுற்றியிருந்த 34 வீடுகளை வானவில்லாக்கினார்கள். மெக்சிகோவின் பச்சூகாவில் ‘கெர்மென்’ குழு 2015-ல் ஒரு மலைச்சரிவின் 209 வீடுகளை ஒரே ஓவியமாக இணைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே பிரமாதம். தூரத்திலிருந்து பார்ப்பதற்காகவே அமைந்தவை என்பதுதான் இவற்றின் மீதான குற்றச்சாட்டும்.

இந்தியாவுக்கு இந்த அலை வந்தது 2014 வாக்கில். அந்த ஆண்டு டெல்லியில், அன்றைய காவல் துறைத் தலைமையகத்தின் மேல் ஜெர்மானிய ஓவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷும் அன்பு வர்கீயும் சேர்ந்து கறுப்பு வெள்ளையில் காந்தி முகத்தை வரைந்தார்கள். சுமார் 150 அடி உயரம். அதே ஆண்டில் மும்பை பாந்த்ராவில் எம்.டி.என்.எல். கட்டடத்தின் மீது ரஞ்சித் தஹியா, தாதாசாகிப் பால்கேயைத் தீட்டினார். காந்தி படத்துக்குப் பின்னாலிருந்த ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளை அடுத்து லோதி காலனிக்குப் போனது. வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. உயரம் குறைவு, அகலம் அதிகம், நடுவில் வளைவு வாசல், இருபுறமும் நிழல் மரம். நடந்தே பார்க்கக்கூடிய தெருக்கள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களோடு லோதி கலை வட்டாரம் டெல்லிச் சுற்றுலாவின் ஓர் அங்கம். திருமணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வரும் ஜோடிகளை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். உள்ளே குடியிருக்கும் அரசு ஊழியருக்கு இதனால் நன்மையும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. மாற்றல் வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்.

கண்ணகி நகரில் இருப்பவர்கள் அப்படிப் போக முடியாது.

சென்னையின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில், ஐ.டி. நிறுவனங்கள் வரிசை கட்டி நிற்கும் ராஜீவ் காந்தி சாலைக்குப் பின்னால் இருக்கிறது கண்ணகி நகர். 2000-ஆம் ஆண்டு முதல், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களும், 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து வந்தவர்களும் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். முதல் கட்டத்தில் கட்டியவை ஏறக்குறைய 200 சதுர அடி. பிழைப்பு பழைய இடத்தில், வீடு இங்கே. விடியற்காலை முதல் பஸ்ஸில் மயிலாப்பூருக்கும் அண்ணா நகருக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்களும், எதிரே இருந்த ஐ.டி. கட்டடங்களில் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தவர்களும்தான் இந்த ஊரின் முதல் தலைமுறை. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள், ஆட்டோ உள்ளே வராது என்பது பல ஆண்டுக் காலம் அங்கிருந்து வந்த புகார். குற்றச் செய்திகளில் அடிபட்டே பெயர் கெட்டுப்போன ஊர்.

அங்கேதான் 2020-ன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம், சென்னை மாநகராட்சி, குடிசை மாற்று வாரியம் ஆகியவை சேர்ந்து சென்னையின் முதல் கலை வட்டாரத்தைத் தொடங்கின. பெருந்தொற்று நடுவில் குறுக்கிட்டாலும் வேலை தொடர்ந்தது. ‘ஏ-கில்’ என்ற புனைபெயரில் வரையும் சென்னை ஓவியரின் சிரிக்கும் குழந்தை முகங்கள், ஸ்பெயினின் அந்தோனியோ மாரெஸ்ட்டின் கணித வடிவங்கள், தமிழ்நாட்டில் வேர் கொண்ட ஓஷீன் சிவாவின் எதிர்காலத் தலித் பெண்ணுருவங்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. வாரியத்தின் முத்திரை வாசகமே ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பதுதான். அந்த வாசகத்தை எழுதிப் பல ஆண்டுகள் கழித்து, ஓர் ஏழைக் குழந்தையின் சிரிப்பு வாரியத்தின் சுவரிலேயே மூன்று மாடி உயரத்துக்கு வந்து நின்றது. அது நிறைவேற்றமா நையாண்டியா என்று கேட்டால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இதில் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்வது சுலபம். பெயிண்ட் கம்பெனிக்கு விளம்பரம், மாநகராட்சிக்கு நல்ல பெயர், ஓவியருக்கு வெளிநாட்டு அழைப்பு, குடியிருப்பவருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பயனே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. அதுவரை கண்ணகி நகர் என்று தேடினால் கைது செய்திகள்தான் வரும். பிறகு ஓவியங்களும் வர ஆரம்பித்தன. வெளியாட்கள் கேமராவோடு உள்ளே வந்தார்கள். தன் வீட்டுச் சுவருக்கு அடையாளமாக மீன் படம், மயில் படம் என்று சொல்லி வழி காட்ட முடிவது, எண் மட்டுமே உள்ள தொகுதிகளில் சாதாரண வசதி இல்லை. அதே நேரம், அந்த ஊரின் பெயரைப் பெயிண்டைவிட அழுத்தமாக மாற்றியது கபடி. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். ஊர் திரும்பியபோது தன் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொன்னார். சுவர் அந்தப் பெருமையைத் தர முயன்றது. விளையாட்டு மைதானம் தந்துவிட்டது.

வரையும் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழே நின்று பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. ஐம்பதடி உயரச் சுவரில் ஒரு கண்ணை வரைகிறவர் அந்தக் கண்ணைப் பார்க்கவே முடியாது. அவர் மூக்குக்கு நேரே இருப்பது மூன்றடிக் கறுப்புத் திட்டு மட்டும். அதனால் அளவைப் பெருக்க ஏதாவது உபாயம் வேண்டும். பழைய வழி, கட்டம் போடுவது. சிறிய படத்தில் பென்சிலால் சதுரங்கள், சுவரில் நூலடித்துப் பெரிய சதுரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை அதனதன் கட்டத்துக்கு மாற்றிக்கொண்டே போவது. இன்னொரு வழியில் இரவில் புரொஜெக்டர் வைத்துப் படத்தைச் சுவரில் பாய்ச்சி ஓரங்களைக் கோடிழுத்துவிடுவார்கள். எதிரே போதிய இடமும் இருட்டும் வேண்டும். இப்போது பரவியிருப்பது கிறுக்கல் முறை. சுவர் முழுக்க எழுத்தும் குறியுமாகக் கண்டபடி கிறுக்கி, அதைப் போட்டோ எடுத்து, போனில் அதன் மேல் ஓவியத்தை ஒளி ஊடுருவும்படி பொருத்திப் பார்ப்பார்கள். காதோரம் வர வேண்டிய வளைவு எந்தக் கிறுக்கலுக்கு அருகில் போகிறது என்று பார்த்து வரைந்துகொண்டே போகலாம். நூல் பிடிக்கும் வேலை மிச்சம். பூம் லிஃப்ட் கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் சவுக்குச் சாரத்தில், அதுவும் இல்லாவிட்டால் மாடியிலிருந்து தொங்கும் ஊஞ்சலில் நின்று தீட்ட வேண்டும். காற்று பலமாக வீசினால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

கட்டம் போட்டுப் பெருக்கும் இந்தக் கலையைச் சென்னைக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையே இருந்ததில்லை. அண்ணா சாலை தியேட்டர்களுக்கு அறுபதடிக் கட்-அவுட் வரைந்த பேனர் ஓவியர்கள் இதே வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தவர்கள். நடிகர் கன்னத்தில் ரோஸும் நீலமும் சேர்த்துத் தட்டையான படத்துக்கு உருட்சி கொடுக்கும் அவர்களுடைய தூரிகை வீச்சு தனி ரகம். 2000-களின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் அச்சு வந்தது. ஓரிரு ஆண்டுகளில் தொழில் படுத்தது. பலர் பெயர்ப்பலகைக்கும் வீட்டுப் பெயிண்டிங்குக்கும் போனார்கள். 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டர் ஒட்டத் தடை போட்டு, அரசுச் சுவர்களில் ஓவியம் தீட்ட முடிவெடுத்தபோது அவர்களில் சிலருக்கு மறுபடியும் வேலை வந்தது. ஆனால் வரையச் சொன்னது மாமல்லபுரம், பரதநாட்டியம், மாட்டு வண்டி, நீர்வீழ்ச்சி. நகரத்தை நகரமாகக் காட்டும் ஒரு படமும் கிட்டத்தட்ட இல்லை. ரஜினியை அறுபதடிக்கு நிறுத்திய கைகள் நாட்காட்டிப் படங்களை நகலெடுத்தன.

அந்த 2009 திட்டத்தின் உண்மையான நோக்கம் கலை என்பதைவிடப் போஸ்டரை விரட்டுவது. தமிழ்நாட்டில் சுவர் என்பது எப்போதும் போட்டிக் களம். சுவரை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும், தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பே வெள்ளையடித்துக் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரை முன்பதிவு செய்வது வழக்கமாகவே நடந்தது. சிறுநீர் கழிக்காதீர் என்று எழுதிப் பலிக்காமல் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிய சுவர்களை எல்லோரும் அறிவோம். படம் இருக்கும் சுவரில் போஸ்டர் ஒட்டத் தயங்குவார்கள் என்பது அதே தர்க்கத்தின் நீட்சி. ஓவியத்தைக் காவலுக்கு நிறுத்தும் இந்தப் பழக்கத்தால் நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மேம்பாலத் தூண்களில் ஒரே மாதிரி வந்த பூக்கள், பறவைகள், தலைவர் முகங்கள். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். 2021-ல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் நீண்ட முகப்பில், எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்வோர் மீதான ஒதுக்கலுக்கு எதிராக ‘ஏ-கில்’லும் டெல்லி ஓவியர் ‘கத்ரா’வும் வரிசையாகச் சாதாரண மனித முகங்களைத் தீட்டினார்கள். எந்த முகம் யாருடையது, யாருக்குத் தொற்று இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ரயில் ஏறுகிறவர்களின் முகங்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. சொல்ல வந்த விஷயமே அதுதான்.

இலங்கையில் சுவர் இன்னும் வேகமாக அரசியலானது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச குடியரசுத் தலைவரானதும், தீவெங்கும் இளைஞர்கள் தாங்களாகவே தூரிகை எடுத்து வீதிச் சுவர்களை வரைந்து தள்ளினார்கள். இயற்கைக் காட்சி, மன்னர் கால வரலாறு, இவற்றோடு போர் வெற்றியும் படைவீரரும். ஒரு சாராருக்கு உற்சாகமாகத் தெரிந்த அதே சுவர், போரில் இழந்தவர்களுக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. தன்னார்வம் என்பதாலேயே ஒரு சுவர் எல்லோருக்கும் பொதுவாகிவிடாது.

சுவரோவியத்தின் ஆயுளுக்கு வருவோம். சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றும் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்பதற்கு இருட்டும் நிழலும் ஒரு காரணம். வெளிச்சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. காவி, பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். இன்றைய ஓவியர்கள் விரும்பும் பளீர் ரோஸும் ஒளிரும் மஞ்சளும் முதலில் வெளுப்பவை. மேற்குப் பார்த்த சுவரில் இன்னும் சீக்கிரம். அதைவிடப் பெரிய எதிரி உள்ளிருந்து வருகிறது. கழிவறைக் குழாய் கசிந்து சுவரில் ஓதம் ஏறினால், ஈரம் வெளியே வர வழி தேடும். மேலே அக்ரிலிக் பூச்சு இறுக்கமாக மூடியிருந்தால் அதன் பின்னால் உப்புப் பூத்துப் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். விரிசலுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் ஓட்டினாலும் குழாயைச் சரிசெய்யாவிட்டால் எல்லாம் வீண். ஓவியத்தின் ஆயுளை முடிவு செய்பவர் ஓவியர் அல்ல, பிளம்பர்.

இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய வாரிய அடுக்ககத்தில் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் பழைய வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஆட்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். இப்படிப்பட்ட நிலையில் வாரியச் சுவரில் ஓவியம் தீட்ட யார் வந்தாலும், முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் குடியிருப்பவர் கேட்டால் அது குதர்க்கம் ஆகாது.

படம் வந்தபின் அது யாருடையது? அமெரிக்காவில் இதற்கு விலையே குறித்திருக்கிறார்கள். நியூயார்க் குயின்ஸில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடத்தை உரிமையாளரே ஓவியர்களுக்கு விட்டிருந்தார். அடுக்ககம் கட்ட முடிவு செய்ததும் 2013 நவம்பரில் இரவோடு இரவாக வெள்ளையடித்துவிட்டார். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி 21 ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் நீதிமன்றம் 45 படைப்புகளுக்குத் தலா ஒன்றரை லட்சம் டாலர் விதித்தது. இந்தியாவிலும் சட்டம் ஊமை இல்லை. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ப்படைப்பை 1979-ல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு அவர் போராடினார். டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் மிச்சம் மீதியை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லி ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் விதித்தது. 2023-ல், மும்பைச் சுவரோவியம் ஒன்றைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்திய காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராகவும் அதே நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. விளம்பரத்தை எடுக்க உத்தரவாயிற்று. தெருவில் இருப்பதால் எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் சட்டத்தில் செல்லாது. ஆனால் இந்த வழக்குகள் எல்லாமே ஓவியருக்கும் உரிமையாளருக்கும், அல்லது ஓவியருக்கும் வியாபாரிக்கும் இடையிலானவை. சுவருக்குள் குடியிருப்பவர் எதிலும் கட்சிக்காரர் இல்லை.

வாடகை ஏறும்போது அந்த மௌனம் உறுத்துகிறது. பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் இத்தாலிய ஓவியர் ‘ப்ளூ’ வரைந்த இரண்டு பிரம்மாண்டச் சுவர்கள் அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகியிருந்தன. எதிரே இருந்த காலி மனையில் குடில் போட்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு, அடுக்ககம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஓவியம் தெரியும் ஜன்னல் என்று சொல்லியே வீட்டை விற்பார்கள் என்பது ஊகிக்கக் கஷ்டமான விஷயம் இல்லை. 2014 டிசம்பரில் ப்ளூவின் சம்மதத்தோடு அவருடைய நண்பர்களே கிரேன் கொண்டுவந்து இரண்டையும் கறுப்படித்தார்கள். 2016-ல் பொலோன்யாவில், தெரு ஓவியங்களைச் சுவரோடு பெயர்த்து அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தபோது, ப்ளூ அந்நகரில் தான் இருபது ஆண்டாக வரைந்த அனைத்தையும் சாம்பல் பூசி அழித்தார். லோதி காலனிக்கு இந்த ஆபத்து இல்லை, அது அரசுச் சொத்து. கண்ணகி நகரில் வீட்டு மதிப்பு ஏறினால் அங்கிருப்பவர்களுக்கு லாபமா, மறுபடியும் ஊருக்கு இன்னும் வெளியே தள்ளப்படும் அபாயமா என்பது வீடு யார் பெயரில் பத்திரமாகிறது என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் இதை ஒழுங்காகச் செய்த ஊரே இல்லையா? பிலடெல்பியாவைச் சொல்லலாம். 1984-ல் கிராஃபிட்டி ஒழிப்புத் திட்டமாக ஆரம்பித்து, ஜேன் கோல்டன் என்ற ஓவியரின் பொறுப்பில் சுவரோவியத் திட்டமாக மாறி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுவர்களைக் கண்ட நகரம் அது. அங்கே சுவர் கேட்டு விண்ணப்பிப்பதே வட்டார மக்கள்தான். என்ன வரைவது என்று கூட்டம் போட்டுப் பேசியபிறகுதான் தூரிகை. இன்னொரு உத்தியும் அவர்களுடையது. பாராசூட் துணி போன்ற மெல்லிய துணியில் பகுதி பகுதியாக ஓவியத்தைத் தரையிலேயே தீட்டிவிட்டு, அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டிவிடுவார்கள். சாரம் ஏற முடியாத முதியவரும், பள்ளிப் பிள்ளைகளும், சிறைக் கைதிகளும்கூட இதனால் ஊர்ச் சுவருக்குப் பங்களிக்க முடிகிறது. கிரேட்டர்ஃபோர்ட் சிறைவாசிகள் உள்ளேயே தீட்டிய துணிகள் வெளியே தெருச் சுவர்களில் ஒட்டப்பட்டன. சுவர் பழுதானால் மீட்டெடுப்பதும் அத்திட்டத்தின் வேலையிலேயே அடங்கும்.

லியோனில் இதற்கு இன்னும் வேடிக்கையான ஏற்பாடு உண்டு. க்ருவா-ரூஸ் மேட்டில் 1987-ல் சித்தே க்ரெயாசியோன் வரைந்த 1,200 சதுர மீட்டர் ‘நெசவாளர் சுவர்’ ஒரு மொட்டைச் சுவரைத் தெருவாகவும் படிக்கட்டாகவும் கடையாகவும் மாற்றிக் காட்டுவது. சாயம் மங்கியதும் 1997-லும் 2013-லும் திரும்ப வரைந்தார்கள். பழையபடியே வரையவில்லை. படத்தில் இருந்த அக்கம்பக்கத்து ஆட்களுக்கு வயதைக் கூட்டினார்கள், புதுக் கடைகளைச் சேர்த்தார்கள், மரத்தை வளர்த்தார்கள்.

நல்ல வெளிப்புறப் பெயிண்டுக்கு நம் ஊர் வெயிலில் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆயுள் என்பது பெயிண்டர்கள் சொல்லும் கணக்கு. கண்ணகி நகரில் 2020-ல் தீட்டியவை அந்த வயதை எட்டிவிட்டன. சுவர், குடிசை மாற்று வாரியமாக இருந்து பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது, தெரு மாநகராட்சியுடையது, ஓவியம் ஓவியருடையது. அடுத்த கோட் அடிக்கும்போது என்ன வரைய வேண்டும் என்று தொகுதிவாரியாக ஒரு கூட்டம் கூட்டிக் கேட்பதற்குச் சட்டமோ டெண்டரோ எங்கேயும் தடை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு ஓவியத்தைப் பற்றி இருக்காது, குழாயைப் பற்றித்தான் இருக்கும். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வாரியத்தின் பொறியாளரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.